ஒயில் ஒழுகல் நின்றுவிட்டது என்று சொன்னால் அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள், முக்கியமாக மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்காரர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன்னர் பலரும் வண்டியைக் கராஜில் விடுவது வழக்கம். நானும் அப்படித்தான் விட்டேன்.

எங்கள் வண்டி 1976ஆம் ஆண்டின் சீரீஸ் 3, 2.25 லீட்டர் டீசல். அப்பா வாங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது நல்ல விலை பேசி வந்தார்கள், கொடுக்கவில்லை. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் இருக்கும் எங்கள் வயலுக்கு மாரியில் போய்வர அதைவிட்டால் உழவு இயந்திரம்தான்.

சென்ற ஆவணியில் எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்தில் அடியிலிருந்து ஒயில் சொட்டத் தொடங்கியது. விடிந்து பார்த்தால் முற்றத்து மணலில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. மட்டக்களப்பு நகரை அண்டிய ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். முதலாளி ஒரு தடவை குனிந்து பார்த்தார். "பின் மெயின் சீல் போய்விட்டது, தம்பி. கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும், மூன்று நாள் வேலை" என்றார். எஞ்சினின் முதன்மைச் சுழல் தண்டான கிராங்க் தண்டின் பின் முனையில் ஒயில் வெளிவராமல் தடுக்கும் வளையம்தான் அந்தச் சீல். கூலியும் சாமானும் 46,000 ரூபா. நான்காம் நாள் போனபோது பழைய சீல் என்று ஒரு கறுப்பு வளையத்தைக் காகிதத்தில் சுற்றித் தந்தார். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மனம் குளிர்ந்துபோய் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை.

ஐந்து கிழமை கழித்து, பன்னிரண்டு மூடை விதைநெல்லோடு வாய்க்கால் கட்டில் ஏறும்போது எஞ்சின் இரைகிறது, வண்டி நகரவில்லை. கருகல் வாடை மூக்கில் ஏறியது. கிளட்ச் வழுக்கிவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வர, மூடைகளை ஒவ்வொன்றாக இறக்கி, உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

என் பெரியப்பா முப்பது வருடத்துக்கு மேல் அரச வேலைத்தளத்தில் இதே வண்டிகளில் வேலை செய்தவர். அடியில் படுத்து ஒரு ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார். அரைப் போத்தல் கறுப்பு ஒயில் கொட்டியது. "மகன், இந்த மூடியை யார் பூட்டியது?" என்று கேட்டார்.

அதுதான் விஷயம். லேண்ட் ரோவரில் பிளைவீல் என்ற கனமான சக்கரமும் கிளட்சும் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. உள்ளே கசியும் ஒயில் வெளியே போவதற்காகவே அந்தத் துளை. வெள்ளத்திலோ சேற்றிலோ இறங்கும்போது மட்டும் ஒரு மூடியைப் பூட்டி, கரை ஏறியதும் கழற்றிவிட வேண்டும். எங்கள் மூடி டாஷ்போர்டுத் தட்டில் எப்போதும் கிடக்கும். அதை எடுத்துத் துளையில் பூட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் அந்த மூன்று நாள் வேலை. சொட்டு நின்றது, ஒயில் உள்ளே தேங்கிக் கிளட்ச் தட்டை நனைத்தது.

கியர்பொக்ஸைக் கழற்றவே இல்லை என்பதற்குச் சாட்சி வண்டியிலேயே இருந்தது. இந்த வண்டியில் அதை வெளியே எடுக்க உள்ளே தரைத் தகடுகளையும் இருக்கைப் பெட்டியையும் தூக்க வேண்டும். எங்கள் தகட்டு ஆணிகளின் தலையில் பழைய பெயின்ட் கீறல்கூட இல்லாமல் இருந்தது. 1980க்கு முந்திய கிராங்க் தண்டை மூன்று பெயரிங் தாங்கும் எஞ்சினில் பின் சீலை மாற்றுவதற்கு, அடியில் ஒயில் தேங்கும் தட்டான சம்பையும் இறக்க வேண்டும். சம்ப் ஆணிகளில் போன வருட வயல் சேறு காய்ந்தபடி ஒட்டியிருந்தது. அவர் தந்த வளையமோ முழு வட்டம். எங்கள் எஞ்சினின் சீல் ஓரிடத்தில் வெட்டப்பட்டது; கிராங்க் தண்டைச் சுற்றிப் போர்த்தித்தான் பூட்ட முடியும். எந்த வண்டியின் குப்பையை என் கையில் தந்தாரோ!

அதைவிட வயிற்றெரிச்சல், ஒழுகலின் காரணம். எஞ்சினின் உச்சி மூடியான ரொக்கர் கவரின் மேல் எஞ்சின் மூச்சு விடும் பிறீதர் இருக்கிறது. அதற்குள் இருக்கும் கம்பி வலை கரி பிடித்து அடைத்துப்போயிருந்தது. உள்ளே சேரும் காற்றுக்குப் போக வழி இல்லாவிட்டால் அது சீலையும், பொருத்துகளின் இடையில் வைக்கும் காஸ்கட்டையும் நெருக்கி ஒயிலை வெளியே தள்ளும். வலையைப் பெற்றோலில் கழுவிக் காயவைத்துப் பூட்டினோம். ரொக்கர் கவரின் கோர்க் காஸ்கட் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது, புதியது போட்டோம். அந்தக் கவரைப் பிடிப்பது மூன்றே நட்டுகள். ஒழுகுகிறது என்று அவற்றை இறுக்கிக்கொண்டே போனால் தகடு வளைந்து இன்னும் மோசமாகும். சிலிக்கனையும் அள்ளிப் பூசாதீர்கள். உள்ளே பிதுங்கும் துண்டுகள் உடைந்து ஒயில் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும்.

கிளட்ச் தட்டு மாற்றத்தான் கியர்பொக்ஸ் உண்மையாகவே இறங்கியது. அந்தச் செலவு வேறு.

யாரிடமும் கொடுக்கும் முன் எஞ்சினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைத்து, சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒயில் கீழே வடியும், காற்று அதைப் பின்னே தள்ளும். ஆகவே நனைந்த இடங்களில் எது உயரத்திலும் முன்பக்கத்திலும் இருக்கிறதோ அங்கிருந்துதான் தேட வேண்டும். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம், கனமான கட்டை வையுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா, அப்படியானால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். அதற்குச் சீல் மாற்றிப் பயனில்லை.

கராஜுக்குப் போய்க் கேட்டேன். "பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு இத்தகைய முறைப்பாட்டைச் சொல்லலாம். எழுத்தில் கொடுப்பதானால் சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். என் கையில் பற்றுச்சீட்டு இல்லை. அதனால் நீங்கள் பணம் கொடுக்கும்போதே, எந்தச் சாமான் மாற்றப்பட்டது என்று எழுதிய சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கியர்பொக்ஸ் இறங்கியிருக்கும் நாளில் நேரில் போய் நின்று பாருங்கள்.

அந்தப் பொய் வளையமும் வெட்டுள்ள சரியான சீலும் எங்கள் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தெரிந்தவர்கள், வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வாருங்கள், காட்டுகிறேன்.