ஏழு வருட விபிஎன் பாவனை: அம்மாவின் கையில் நூல், என் போனில் சாவி

2018 மார்ச் 7ஆம் திகதிக்குப் பிறகு இரண்டு மூன்று நாட்கள் கடைக்கு வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே முறைப்பாடுதான். வட்ஸ்அப் போகுதில்லை, போன் பழுதா? மட்டக்களப்புக் கல்லடியில் கணினியும் போனும் திருத்தும் சின்னக் கடை என்னுடையது. போனில் பழுதில்லை. கண்டியில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தையொட்டி இலங்கை அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் தடுத்திருந்தது. இணையத்தை வேறொரு கணினி வழியாகத் திருப்பித் தடையைத் தாண்ட வைக்கும் செயலிதான் விபிஎன். எத்தனை போன்களில் இலவச விபிஎன் போட்டுக் கொடுத்தேன் என்று கணக்கில்லை. என் போனிலும் அப்போதுதான் போட்டேன். இதை நடத்துகிறவன் யார், சும்மா ஏன் தருகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, நானும் கேட்கவில்லை.

அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அம்பாறை நகரில், முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கறிக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்று கதை பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. அது வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பிறகு வந்தது. மட்டக்களப்பு என்றாலே, வந்தவரை மந்திரத்தால் திரும்பிப் போகவிடாமல் ‘பாயோடு ஒட்ட வைக்கிற ஊர்’ என்று வெளியூர்க்காரர் பகிடி விடுவார்கள். பாய்க் கதையை உண்மையில் நம்பிய ஒருவரையும் நான் கண்டதில்லை. மாத்திரைக் கதையை நம்பி எனக்கே அனுப்பியவர்களில் பட்டதாரிகள் இருந்தார்கள்.

சரி, விபிஎன்னுக்கு வருகிறேன். முதல் ஆறு மாதம் சந்தோஷமாகத்தான் போனது. மேலே சின்னச் சாவி அடையாளம் தெரிந்தால் மனதுக்கு ஒரு தைரியம். ஓகஸ்டில் ஒனாவோ பற்றிய செய்தியை வாசித்தேன். அதுவும் இலவச விபிஎன்தான். 2013இல் பேஸ்புக் அதை வாங்கியிருந்தது. பெயருக்குப் பாதுகாப்பு, உண்மையில், ஆட்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு பாவிக்கிறார்கள் என்று முதலாளிக்குத் தகவல் சேர்த்துக் கொடுக்கும் வேலை. அப்பிளின் செயலிக் கடையிலிருந்து அந்த ஓகஸ்டிலேயே அதை எடுத்தார்கள், அடுத்த வருடம் மூடியே விட்டார்கள். நான் ஊராருக்குப் போட்டுக் கொடுத்தது ஒனாவோ அல்ல. ஆனால் அதன் பின்னால் இருப்பவர் யார் என்று தேடினால் ஒரு தபால் பெட்டி முகவரிக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிரவே என் போனிலிருந்து அழித்தேன். மற்றவர்களின் போன்களில் இருந்ததை என்ன செய்வது?

விபிஎன் செய்வது உண்மையில் இவ்வளவுதான். நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்று உங்களுடைய இணைய நிறுவனத்துக்குத் தெரியாமல் மறைக்கிறது. அதே விபரம் இப்போது விபிஎன்காரனுக்குத் தெரியும். உள்ளே போய் வாசிப்பதை, எழுதுவதை, தள முகவரியின் முன்னால் வரும் எச்டிடிபிஎஸ் என்ற மறைகுறியாக்கம் ஏற்கெனவே பூட்டித்தான் வைத்திருக்கிறது. கூகுள் கணக்கில் நுழைந்தபடியே விபிஎன் போட்டால் கூகுளுக்கு நீங்கள் நீங்கள்தான். சிம் அடையாள அட்டை இலக்கத்தில் இருக்கிறது, நீங்கள் நிற்கும் இடம் போன் கோபுரத்துக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கண்ணூறு, செய்வினை எல்லாவற்றிலும் நம்பிக்கை உண்டு. அதற்குக் காவலாகப் பூசாரியாரிடம் போய் மந்திரித்த நூல் கட்டுவார். எனக்குத் துளியும் இல்லை. இதைப் பற்றி ஒருநாள் வாய்த்தர்க்கம் வந்தபோது அவர் சொன்னது: “நூல் கட்டப் போனா வீட்டுக் கதை முழுக்கச் சொல்லணும் மனே. அதுக்குத்தான் நல்ல ஆளாப் பாத்துப் போற.” பூசாரியாரின் தகப்பனையும் அம்மாவுக்குத் தெரியும். என் விபிஎன்காரனின் நாடுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது.

2019 ஏப்ரல் 21. எங்கள் மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் குண்டுவெடிப்பு நடந்த அன்று மீண்டும் தடை. உறவுகள் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்க வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு வட்ஸ்அப் தேவைப்பட்டது. அன்றைக்கு யாரும் விபிஎன் கேட்டு வந்தால் நான் தனியுரிமைப் பாடம் எடுக்கவில்லை. கிடைத்ததைப் போட்டுக் கொடுத்தேன். இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை.

2020இல் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்குள்ளேயே வந்ததும், சிங்கப்பூரில் மாதம் ஐந்து டொலருக்கு ஒரு சேர்வர் வாடகைக்கு எடுத்து எனக்கென்று சொந்த விபிஎன் அமைத்தேன். வேகம் அருமை. ஆனால் அந்த முகவரியிலிருந்து வருகிறவன் உலகத்தில் நான் ஒருவன் மட்டுமே, எங்கே மறைவது? அதைவிடப் பெரிய அடி 2022இல். இருநூறு ரூபாய்க்குச் சற்று மேலே இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. ஆயிரம் ரூபாய்ச் சேர்வர் ஆயிரத்து எண்ணூறாகிவிட்டது. கடையில் கரண்ட் இருக்கும் நேரமே குறைவு. நிறுத்திவிட்டேன். அந்த வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை மீண்டும் தடுத்தபோது, அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தான் விபிஎன்னில்தான் வந்திருக்கிறேன், இந்தத் தடையால் பிரயோசனமில்லை என்று டுவிட்டரில் போட்டார்!

பிறகு முல்வாட் என்ற சுவீடன் விபிஎன் சேவை. மாதம் 5 யூரோ. பெயர் வேண்டாம், மின்னஞ்சல் வேண்டாம், பதினாறு இலக்கக் கணக்கு எண் ஒன்று தருவார்கள், அவ்வளவுதான். 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸார் தேடுதல் ஆணையோடு அவர்களின் அலுவலகத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பதைப் படித்தபோது, பூசாரியாரின் தகப்பனைப் பற்றி விசாரித்த திருப்தி கொஞ்சம் வந்தது. ஆனாலும் அங்கே உள்ளே நடப்பதை நான் போய்ப் பார்க்கவில்லை. நம்புகிறேன் என்றுதான் சொல்லமுடியும்.

தினப் பாவனையில் வந்த தலையிடிகளையும் சொல்லவேண்டும். வங்கிச் செயலி ஒருமுறை என்னை வெளிநாட்டுக் கள்ளன் என்று நினைத்துக் கணக்கைப் பூட்டிவிட்டது. திறப்பதற்குக் கிளையில் அரை நாள். நெதர்லாந்துச் சேர்வரில் இருந்தால் விளம்பரமெல்லாம் டச்சு மொழியில் வரும். இதெல்லாம் பரவாயில்லை. பெரிய பிரச்சினை பக்கேஜ். எங்கள் ஆட்களில் பாதிப்பேர், அந்தச் செயலிகளுக்கு மட்டும் டேட்டா தரும் வட்ஸ்அப், பேஸ்புக் பக்கேஜ்தான் போடுவார்கள். விபிஎன் போட்டவுடன் அது வட்ஸ்அப் என்று நிறுவனத்துக்குத் தெரியாது, ஆகவே சாதாரண டேட்டாவில் வெட்டும். களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அக்காவோடு கனடாவுக்கு வீடியோவில் கதைத்தேன். ஆரையம்பதி வரும்போது டேட்டா முடிந்த மெசேஜ். வட்ஸ்அப் பக்கேஜ் தொடாமல் அப்படியே கிடக்கிறது.

2024 ஜனவரியில், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியதும் திரும்பவும் ஆட்கள் கடைக்கு வந்தார்கள். இலவச விபிஎன்னை இப்போது நான் போட்டுக் கொடுப்பதில்லை. முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: யாரிடமிருந்து மறைக்கவேண்டும்? பக்கத்து வீட்டு வைஃபையில் தொங்குகிறவருக்கும், விமர்சனம் எழுதுகிறவருக்கும் பதில் வேறு. பாதிப்பேருக்குத் தேவைப்படுவது விபிஎன் அல்ல, வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்புத்தான். அதைப் போட்டுக் கொடுத்தால் “வேற ஒண்டும் இல்லையா?” என்று ஏமாற்றத்தோடு போவார்கள்.

என் மடிக்கணினியில் விபிஎன் இன்னும் எப்போதும் ஓடுகிறது, அறுந்தால் இணையமே நிற்கும்படி வைத்திருக்கிறேன். போனில் பக்கேஜ் காரணமாகத் தேவைப்பட்டால் மட்டும் போடுகிறேன். போன மாதம் அதன் சாவி அடையாளம் ஒன்பது நாளாக இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. அம்மாதான் போனையும் நூல் இல்லாத என் மணிக்கட்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டும் இல்லையா?” என்றார்.