கடைமாடியா, தனி வீடா: மழை நாளில் எத்தனை பிள்ளைக்கு இடம்?

இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்கு இடம் தேடினால் பெரும்பாலும் இரண்டு வகைதான் அகப்படும். ஒன்று டவுனில் கடைக்கு மேலே உள்ள ஹோல். மற்றது டவுனை விட்டுச் சற்றுத் தள்ளி, விறாந்தை வைத்த பழைய தனி வீடு. தேயிலைத் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் பழைய பிள்ளைக் காம்பராவையும் (வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் அறை) சிலர் காட்டுவார்கள். பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகும் தாய்மாருக்கு அது வசதி. ஆனால் தோட்ட நிர்வாகம் எழுத்தில் தராமல் அதற்கு ஒரு ஆணிகூட அடிக்காதீர்கள். நாங்கள் எடுத்தது தனி வீடு. இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கடைமாடிக்கு பஸ் ஸ்டாண்ட் கிட்ட, தண்ணீர் கரண்ட் தயார், தாய்மார் வந்து போவது சுலபம். இதில் வாதமே இல்லை. தகராறு தரையில்தான்.

ஒரு பிள்ளைக்கு எவ்வளவு தரை? கலிபோர்னியாவில் உள்ளே 35 சதுர அடி, வெளியே 75. அவுஸ்திரேலியாவில் உள்ளே 3.25, வெளியே 7 சதுர மீட்டர். அடியில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய அதே அளவு. இங்கிலாந்தில் 2 வயதுக்குக் கீழே 3.5 சதுர மீட்டர், 3 வயதுக்கு மேலே 2.3. உரிமத்துக்கு இங்கே எந்த அளவு கேட்கிறார்கள் என்பதைப் பிரதேச செயலகத்தின் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இடத்தை எடைபோட 35 அடி நல்ல அளவுகோல். சுவரிலிருந்து சுவர் வரை அளப்பது இதில் சேராது. பிள்ளை காலை நீட்டி உட்காரக்கூடிய தரை மட்டுமே கணக்கு.

40க்கு 20 ஹோல் என்றால் 800 சதுர அடி. சமையல் மூலைக்கு 60, இரண்டு மலசலகூடத்துக்கு 50, மேசையும் சுகமில்லாத பிள்ளைக்கான கட்டிலும் வைக்க 60, ஒரு சுவர் நீளத்துக்கு 2 அடி அலுமாரி 80, மாடிப்படி வாசலிலிருந்து நடைவழி 60 கழியும். மிச்சம் 490: 14 பிள்ளை.

வீட்டில் 12க்கு 13 காம்பரா இரண்டு, 16க்கு 15 ஹோல் ஒன்று என்று வையுங்கள். அலுமாரி போக ஒவ்வொரு காம்பராவிலும் 132, ஹோலில் 210 மிஞ்சும். காம்பரா காம்பராவாகக் கணக்கிட்டால் 3, 3, 6, ஆக 12. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 474 அடி, 13 வரும். அறை பிரிந்தால் மிச்சமும் சிதறிப்போகும். இந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் பலரும் மாடிக்கு முற்பணம் கொடுக்கிறார்கள்.

அந்தக் காகிதத்தில் மழை கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நின்று பெய்யும் நோர்வூட், மஸ்கெலியா பக்கத்தில் துவைத்த துணி வெளியில் காயாது. கழித்துணி, போர்வை, நனைந்த ஸ்வெட்டர் எல்லாம் உள்ளேதான் தொங்கும். 10 அடிக் கொடி இரண்டை இடைவெளி விட்டுக் கட்டினால் 60 சதுர அடி போய்விடும். குடைக்கும் சப்பாத்துக்கும் இன்னொரு 20. மாடி ஹோலில் இப்போது 410. 14 பிள்ளை 11 ஆகிவிட்டது. ஜன்னலைச் சாத்தியே வைப்பதால் ஈரம் வெளியேறாமல் சுவர் மூலையில் பூஞ்சணம் பிடிக்கும், ஒரு பிள்ளைக்குச் சளி வந்தால் எல்லோருக்கும் சுற்றும். பாய்க்கு அடியிலும் அதே ஈரம்தான், வாரம் ஒருமுறை தூக்கிக் காயவிட வேண்டும். குளிருக்குக் கரிச்சட்டி வைக்கும் பழக்கம் சாத்திய அறையில் உயிருக்கே ஆபத்து. கரி எரியும்போது வரும் கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு மணமும் இல்லை, புகையும் இல்லை.

வீட்டில் கொடியும் குடையும் விறாந்தைக்குப் போகும். 24க்கு 7 என்றால் 168 சதுர அடி. துணிக்கும் குடைக்கும் 80 கொடுத்தாலும் 88 மிஞ்சும். பிள்ளைகளை மூன்று நான்கு பேராக மாற்றி மாற்றி விளையாட விடலாம். உள்ளே 12 பேர் 12 பேராகவே இருப்பார்கள். விறாந்தையை உரிமக் கணக்கில் சேர்க்காதீர்கள். கூரை நீட்டு 2 அடிக்குக் குறைந்தால் சாரல் உள்ளே வரும், தரை வழுக்கும். காற்று அடிக்கும் பக்கம் சுருட்டும் தார்ப்பாய் கட்டுங்கள். கிராதிக் கம்பிகளின் இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, குறுக்குக் கம்பி கூடாது. பிள்ளை அதில் கால் வைத்து ஏறும்.

வீட்டுக்கும் குறை உண்டு, செலவான குறை. மாடி ஹோலில் இரண்டு பேர் நின்றால் எல்லாப் பிள்ளையும் கண்ணில் படும். வீட்டின் மூன்று அறைக்கு மூன்று பேர் வேண்டும், அது மாதா மாதம் சம்பளம். கதவை எடுத்துவிட்டு அரைக்கதவு போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். பழைய கருங்கல் சுவரை மட்டும் இடிக்காதீர்கள், கூரையின் பாரம் அதில்தான். மலசலகூடம் பின்னால் தனியாக இருந்தால் தகரக் கூரை போட்ட 3 அடி நடை அவசியம்.

முற்றத்தை நம்பி எண்ணிக்கை போடுவதும் இங்கே சரிவராது. மலைச்சரிவில் சமதரை மட்டுமே கணக்கு. 10 பேர்ச் காணியில் பாதி மண்மேடாக இருக்கும். வீட்டின் பின்சுவரை ஒட்டி வெட்டிய மேடு இருந்தால் அந்தப் பக்கக் காம்பராவில் பிள்ளைகளைத் தூங்க வைக்கக்கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளுக்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு நிலைமையைக் கேட்டுத் தெளிந்த பிறகே ஒப்பந்தம். மேட்டிலிருந்து வீட்டைக் காப்பாற்ற வழியில்லை என்றால், மாடியே மேல்.

மாடியின் மிகப் பெரிய தலைவலி படிக்கட்டு. கீழே கடையில் தீப்பிடித்தால் அதே படியால்தான் எல்லோரும் இறங்க வேண்டும். ஒருவர் ஒரு தடவைக்கு இரண்டு கைக்குழந்தைக்கு மேல் தூக்க முடியாது. இரண்டாவது படி இல்லாத மாடியில் 2 வயதுக்குக் கீழே சேர்க்காமல் இருப்பது நல்லது.

பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கணக்கு மாறலாம். ஊவாவின் பெருமழை வருடக் கடைசியில் வருவது, நடு மாதங்கள் பெரும்பாலும் காயும். அங்கே, பாடசாலை விட்டு வரும் பிள்ளைகளை இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருக்க மாடி ஹோலே போதும்; கழித்துணியும் இல்லை, தூக்கமும் இல்லை. முழுநாள் நிலையத்துக்கு அந்தப் பக்கம் என்ன பொருந்தும் என்று அடித்துச் சொல்லும் அளவு பழக்கம் எங்களுக்கு இல்லை.

எதை எடுத்தாலும் முற்பணத்துக்கு முன் நல்ல மழை நாளில் ஒரு தடவை போய், உள்ளே கொடி கட்டி, குடை வைத்து, அதற்குப் பிறகு டேப்பைப் பிடியுங்கள்.