"வீட்டுப் பழக்கம்" என்று சொல்லி ஆன்லைனில் ஆடு விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

34,000 ரூபாய் போய்விட்டது. ஒரு ஆடு செத்தே போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்னொருத்தர் அந்த விளம்பரத்தைப் பார்த்துப் பணம் அனுப்பிவிடக் கூடாது.

அம்மாவுக்கு முட்டு வலி. ஆட்டின் பின்னால் ஓட முடியாது. ஆனால் ஆடு இல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. அதனால் கூப்பிட்டால் பக்கத்தில் வருகிற, தொட்டால் மிரளாத பெட்டை ஆடு இரண்டு தேடினேன். பழைய பொருள், வண்டி, கால்நடை எல்லாம் விற்கிற ஒரு செயலியில் விளம்பரம் கிடைத்தது. "கன்னி ஆடு, வீட்டில் வளர்த்தது, குழந்தை கையில் தீவனம் தின்னும்" என்று போட்டிருந்தான். கன்னி என்பது ஒரு நாட்டு ஆட்டு இனத்தின் பெயர். வீடியோவில் ஒரு சின்னப் பெண் அகத்திக் குழையை நீட்ட, இரண்டு ஆடும் முட்டிக்கொண்டு வந்து தின்றன. கறுப்பு உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, அசல் கன்னி.

வீடியோ அழைப்பிலும் பேசினேன். அம்மாவுக்காக என்று சொன்னதும் அவன் குரலே மாறியது. "அம்மாவுக்குன்னு சொல்லிட்டீங்க அண்ணே, இனி இது என் பொறுப்பு. எங்க அம்மா கையால வளர்த்தது. இதுல ஒண்ணு சினை வேற" என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். "ஆத்தா, ராத்திரி கயிறே கட்ட வேணாம், உங்க காலடியிலயே படுத்துக்கும்" என்று அவரிடமும் சொன்னான். அம்மா சிரித்தார். பணத்தை அனுப்பச் சொன்னதும் அம்மாதான். சந்தையில் இதே ஆடு இதைவிடக் குறைவு. பழக்கின ஆடு என்பதற்குத்தான் கூடுதலாகக் கொடுத்து 34,000 ரூபாய்.

இருட்டிய பிறகு வண்டியில் வந்து இறக்கினான். ஆடுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. வாயில் எச்சில் வடிந்தது, அடிக்கடி மூத்திரம் பெய்தன, தீவனத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. "வண்டியில வந்த அசதி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

விடிந்ததும் அம்மா கிட்டே போனார். இரண்டும் சுவரில் மோதி எகிறின. கயிற்றைப் பிடித்த அம்மாவை ஒன்று தரதரவென்று இழுத்துப் போட்டது. மணிக்கட்டு வீங்கிவிட்டது. சினை என்று சொன்ன ஆடு வேலியைத் தாண்டிக் கண்மாய்க் கருவேலங்காட்டுக்குள் ஓடியது. தேடிப் போய்ப் பார்த்தபோது நாய்கள் குதறிப் போட்டிருந்தன. மீதி ஆட்டைப் பிடித்துக் கட்டிய பிறகுதான் கவனித்தேன், முதுகில் ஒரு இடத்தில் மயிரை ஒட்ட வெட்டியிருக்கிறது. வேரில் சிவப்புச் சாயம் தெரிகிறது. சந்தையில் வாங்குகிறவர்கள் அடையாளத்துக்குப் பூசுகிற சாயம். வீட்டில் வளர்த்த ஆடாம்!

கால்நடை மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் மயக்க ஊசி போட்ட அறிகுறி போலத்தான் இருக்கிறது என்றார். சைலசின் என்ற மருந்து ஆடு மாடுகளுக்கு மிகக் கொஞ்சம் போனாலே போதுமாம், சில மணி நேரம் கிறங்கி நிற்கும். வயிறு உப்பும், எச்சில் மூச்சுக்குழலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து, சினை ஆட்டுக்குக் கரு கலையவும் வாய்ப்பு உண்டு என்றார். வீடியோ பற்றிக் கேட்டதற்கு, பட்டினி போட்ட ஆடு யார் கையில் தழை இருந்தாலும் வரும் என்றார்.

அவனுக்குப் போன் செய்தேன். முதலில் "புது இடம் அண்ணே, சரியாயிடும்" என்றான். அப்புறம் "உங்க வீட்ல நாய் இருக்கா? அந்த வாடைதான்" என்றான். ஆடு செத்ததைச் சொன்னபோது, மிரட்சி போக்க ஒரு பொடி இருக்கிறது, 1,500 ரூபாய் அனுப்பினால் கூரியரில் வரும் என்றான். செத்த ஆட்டுக்குப் பொடி! வயிறு எரிந்தது. அதற்குப் பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டான். செயலியில் புகார் கொடுத்தால், இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள விவகாரம் என்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். காவல் நிலையத்தில் "ஆடு வந்து சேர்ந்துச்சுல்ல? அப்புறம் என்ன மோசடி?" என்று கேட்டார்கள். 34,000 ரூபாய் சார் என்றேன். பார்க்கலாம் என்றார்கள். இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணில் பதிவு செய்திருக்கிறேன்.

எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பகலில் நேரில் போங்கள். தீவனம் தின்று வயிறு நிறைந்த ஆடு அசைபோடும்போது வெறுங்கையோடு கிட்டே போய்ப் பாருங்கள், அப்போதும் விலகாமல் நின்றால்தான் பழகின ஆடு. எச்சில் வடிந்து தலை தொங்கினால் வாங்காதீர்கள். முதுகு மயிரை விலக்கிப் பாருங்கள். ஆட்டைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

மேய்ச்சல் மந்தையில் வளர்ந்தது ஒரே நாளில் கைக்கு வராது. அதற்கு ஊசியும் பொடியும் தேவையில்லை, பொறுமை போதும். மீதி ஆட்டைச் சின்னக் கொட்டிலில் அடைத்து, துணைக்குப் பக்கத்து வீட்டுக் கிழட்டு ஆட்டையும் விட்டிருக்கிறோம். ஆடு தனியாக இருந்தால் பயம் கூடும். அம்மா அதன் முகத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து தழையை மடியில் வைத்துக்கொள்கிறார். எட்டிப் பிடிப்பதில்லை. கழுத்தை நீட்டி ஒரு இலை இழுக்கிறது, அவ்வளவுதான் இதுவரை.

அந்த விளம்பரம் வேறு பெயரில் இன்னும் ஓடுகிறது. அதே சின்னப் பெண், அதே அகத்தி, அதே இரண்டு ஆடு. அதில் ஒன்று செத்துவிட்டது. பார்த்தால் புகார் பொத்தானை அழுத்துங்கள், ஆடு வாங்க நினைக்கிற உங்கள் ஆட்களுக்கு இதை அனுப்புங்கள்.