சாவிக்கு எண் தர யார் தகுதி: ட்விஸ்டரா, சோழியா, கெர்னலா?

கணினியில் தகவலைப் பூட்டும் ரகசியச் சாவிக்கான எண்ணை, நம் சாவியைத் திருடப் பார்ப்பவன் ஊகிக்கக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் அளவுகோல். பார்வைக்குத் தாறுமாறாக இருப்பது போதாது.

தாறுமாறாகத் தோன்றும் எண்களைக் கணக்குப் போட்டுத் தரும் மெர்சென் ட்விஸ்டர் என்ற முறை பார்வைக்கு அழகு. 1997-இல் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கியது. பைத்தான் நிரல்மொழியின் ‘ரேண்டம்’ தொகுதி இதைத்தான் ஓட்டுகிறது. எண்கள் சீராகப் பரவும், வரிசை திரும்ப வர யுகங்கள் ஆகும். ஆனால் அது தரும் 32 பிட் எண்களில் 624-ஐத் தொடர்ச்சியாகப் பார்த்தவன் 625-ஆவதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடுவான். சிமுலேஷனுக்குச் சரி, சாவிக்கு வேண்டாம்.

ராமேஸ்வரம் கடைத்தெருவில் விற்கும் சோழி இதற்கு நேரெதிர். ஒரு பக்கம் கூன், மறுபக்கம் தட்டை. இரண்டும் சமமாக விழாது. நூற்றுக்கு அறுபது தரம் மல்லாக்க விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். சீர்மைச் சோதனையில் தோற்றுவிடும். ஆனாலும் அடுத்த வீச்சை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சாய்வுக்கு 1951-லேயே கணிதவியலாளர் வான் நாய்மன் வழி சொல்லிவிட்டார்: ஒரே சோழியை இரண்டிரண்டு தரமாக வீசுங்கள். மல்லாக்க, அப்புறம் குப்புற என்றால் 0. குப்புற, அப்புறம் மல்லாக்க என்றால் 1. இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் தள்ளிவிடுங்கள். 0.6 × 0.4 எந்த வரிசையிலும் ஒன்றுதானே! 128 பிட் சேர்க்கச் சுமார் 530 வீச்சு ஆகும். கை வலிக்கும், ஆனால் சாவி சுத்தமாக இருக்கும்.

பாம்பன் பாலத்தடியில் நுரைக்கும் அலையை எடுக்கலாமா? ஓதம் ஏறி இறங்குவதை முன்கூட்டியே கணிக்கலாம், நுரையைக் கணிக்க முடியாது. ஆனால் பாலத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் அது தெரிகிறதே! ஊரே பார்ப்பதை மட்டும் வைத்து ரகசியம் செய்ய முடியாது.

அன்றாட வேலைக்கு என் தேர்வு கெர்னல்தான், அதாவது கணினி இயங்குதளத்தின் உட்கரு. சாதனங்களின் நேர நடுக்கம், சிப்பின் இரைச்சல் எல்லாம் சேர்த்து விதையாக்கி, அதாவது தொடக்க மதிப்பாக்கி, அதை லினக்ஸ் கெர்னல் 2016 முதல் சாச்சா20 என்ற மறையாக்க முறை கொண்டு பெருக்குகிறது. விதை கெட்டால் இதுவும் கெடும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில், சாவி உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் வரிகளை 2006-இல் நீக்கியதில் விதையில் மாறக்கூடியதாக எஞ்சியது, ஓடும் நிரலுக்கு இயங்குதளம் தரும் புராசஸ் எண் மட்டுமே. சாவியின் ஒவ்வொரு வகைக்கும் அளவுக்கும் 32,768 சாத்தியங்கள்தான். 2008 வரை அது யார் கண்ணிலும் படவில்லை. பைத்தானில் எழுதுபவர்கள் சாவிக்கு ‘ரேண்டம்’ எடுக்காமல் ‘சீக்ரெட்ஸ்’ எடுங்கள், அது கெர்னலிடம்தான் கேட்கும்.