ரஸ்ட்டெஸ்க்: வீட்டுக் கணினிகளில் நீண்ட காலம் ஓட்டிப் பார்த்ததில்

தொலைவில் உள்ள கணினியின் திரையை இங்கிருந்தே பார்த்து இயக்க வழி தேடினால், விண்டோஸ் ஹோம் பதிப்புக்குள் மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைய முடியாது, ப்ரோ பதிப்பு வேண்டும். ப்ரோ இருந்தாலும், நாம் நுழைந்ததும் அங்கே திரை பூட்டிக்கொள்ளும். ஊரில் இருக்கும் அப்பாவுக்கு எதை அழுத்துவது என்று காட்ட அது உதவாது. அதே வேலைக்கான டைட்விஎன்சி மென்பொருள் இலேசானதுதான், ஆனால் கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துதான் கணக்கு. அது பயன்படுத்தும் 5900 போர்ட்டை (இணைப்பு வரும் வாசல்) இணையத்துக்குத் திறந்துவைக்கவே கூடாது.

மிஞ்சுவது ரஸ்ட்டெஸ்க். ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமம், ரவுட்டரில் எதையும் தொடாமல் வேலை செய்யும்.

வரும் தகராறுகளில் பெரும்பாலானவை நிறுவும் விதத்தால் வருபவை. இறக்கிய கோப்பை நிறுவாமல் அப்படியே ஓட்டினால், நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி வந்ததும் நம் மவுஸ் செத்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் லாகின் திரையும் கிடைக்காது. ‘இன்ஸ்டால்’ அழுத்தி சர்வீஸாக (பின்னணியில் எப்போதும் ஓடும் நிரலாக) போட்டால் இரண்டும் தீரும். கூடவே ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்குங்கள். மானிட்டர் இல்லாத கணினியில் திரையே வராவிட்டால் மானிட்டர் இருப்பதுபோல் காட்டும் எச்டிஎம்ஐ டம்மி ப்ளக் ஒன்று செருக வேண்டியதுதான்.

லினக்ஸில், திரையைக் காட்டும் புதிய அமைப்பான வேலண்ட்தான் வில்லன். திரையைப் பகிரலாமா என்று அந்த முனையில் கேட்கும். ஆள் இல்லையென்றால் அங்கேயே நிற்கும். லாகினில் பழைய அமைப்பான எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்தால் சரி. உபுண்டு 25.10-இல் அதன் வழக்கமான டெஸ்க்டாப்பான க்னோமுக்கு அந்த வழி இல்லை, எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறு டெஸ்க்டாப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

இரு கணினிகளுக்கும் நேரடி இணைப்பு கிடைக்காதபோது, ரஸ்ட்டெஸ்க்கின் பொது ரிலே (இடையில் நின்று கடத்தும் சர்வர்) வழியாகப் போகும். அப்போது மவுஸ் இழுக்கும். அதைத் தவிர்க்கச் சொந்த சர்வர் வைப்பவர்கள் டிசிபி போர்ட்டுகள் 21115 முதல் 21117 வரை திறந்துவிட்டு, யுடிபி 21116 போர்ட்டை மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு கணினிக்கும் ரஸ்ட்டெஸ்க் தரும் ஐடி எண் ‘ரெடி’ நிலைக்கே வராததற்கு அதுதான் வழக்கமான காரணம். சர்வரின் பொதுச் சாவியை (அதை அடையாளம் காட்டும் குறியீடு) இரு முனையிலும் ஒட்ட வேண்டும். பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே ஐபியைப் பகிரும் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டு இணைப்பில் தனக்கென்று பொது ஐபி கிடையாது, எனவே விபிஎஸ் எனும் வாடகை சர்வருக்கான செலவும் சேரும். இரண்டு மூன்று கணினிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை என்பேன். எல்லாக் கணினியிலும், அவற்றை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் போட்டு, ரஸ்ட்டெஸ்க் பாதுகாப்பு அமைப்பில் நேரடி ஐபி அணுகலை இயக்கி, ஐடிக்குப் பதில் டெயில்ஸ்கேல் ஐபியை அடித்தால் போதும். (டெயில்ஸ்கேலின் கட்டுப்பாட்டு சர்வர் திறமூலம் அல்ல; அது உறுத்தினால் அதற்குப் பதிலான திறமூல சர்வர் ஹெட்ஸ்கேல் இருக்கிறது.)

பெற்றோர் கணினியில் ‘நிரந்தரக் கடவுச்சொல் மட்டும்’ என்று வைத்து, இணைப்பை ஏற்பதையும் கடவுச்சொல் வழியே மட்டும் என்று மாற்றிவிடுங்கள். பேங்கிலிருந்து பேசுவதாக எவனாவது போன் செய்து, திரையில் தெரியும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டால், படித்துச் சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது.