ஜென் 5 எஸ்எஸ்டி போட்டால் கேம் வேகமாக ஓடுமா?

கேமையும் ஃபைல்களையும் வைக்கும், சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்தான் எஸ்எஸ்டி. அதன் பெட்டி மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும். சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்குச் சுமார் 550 எம்பி படிக்கும். அதைவிட வேகமான வகை என்விஎம்இ. அதில் ஜென் 3, அதாவது மூன்றாம் தலைமுறை என்றால் 3,500, ஜென் 4 என்றால் 7,000. ஜென் 5-இல் உயர்ரகம் 14,000-ஐயே தொட்டுவிடுகிறது. சாட்டாவைவிட இருபத்தைந்து மடங்கு! கேமில் மட்டும் அந்த இருபத்தைந்து மடங்கைக் கண்ணில் காண முடியாது.

முதலில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் திரையில் வருகிறது என்ற கணக்கு. அது கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு காட்சிக்கு வேண்டியது ரேமுக்கும் விடியோ மெமரிக்கும் வந்து சேர்ந்தபின் எஸ்எஸ்டி பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். எதை மாட்டினாலும் சராசரி எஃப்பிஎஸ் ஏறாது.

லோடிங் நேரம் வேறு கதை. 7,200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்கில் தட்டு ஒரு சுற்று சுற்றவே 8 மில்லி நொடிக்கு மேல் ஆகும். படிக்கும் முனை இடம் மாற எடுக்கும் நேரம் தனி. எஸ்எஸ்டிக்கு இந்தத் தேடலே கிடையாது. அதனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து சாட்டாவுக்கு வந்தாலே நிமிடக்கணக்கு நொடிக்கணக்காகிவிடும். பெரிய உலகில் இஷ்டம்போல் சுற்றும் ஓப்பன் வேர்ல்டு கேம்களில் ஓடும்போது வரும் திக்கலும் குறையும். ஸ்டார்ஃபீல்டு போன்ற கேம்கள் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கேட்பது சும்மா இல்லை.

சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போனால் பல கேம்களில் சில நொடிதான் மிச்சம். ஜென் 4, ஜென் 5 இரண்டுக்கும் நடுவே ஸ்டாப்வாட்ச் இல்லாமல் வித்தியாசம் சொல்வதே கஷ்டம். காரணம், பெட்டி மேல் இருக்கும் எண் பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். கேம் கேட்பதோ பல நேரம் சின்னச் சின்னத் துண்டுகளை. 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டால் நல்ல என்விஎம்இகூட நொடிக்கு நூறு எம்பி அளவில்தான் தரும். வந்த டேட்டாவின் சுருக்கத்தை ப்ராசஸர் வேறு பிரிக்க வேண்டும், ஷேடர் (காட்சியை வரைய கிராபிக்ஸ் கார்டு ஓட்டும் சின்ன நிரல்) தயாராக வேண்டும். லோடிங் திரை ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்: டிஸ்க் கோடு ஒரு குதி குதித்துப் படுத்துவிடும், ப்ராசஸரின் ஓரிரு கோர்கள் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

சரி, டைரக்ட்ஸ்டோரேஜ் வந்துவிட்டதே என்பீர்கள். எஸ்எஸ்டியிலிருந்து டேட்டாவை வேகமாக எடுக்கவும், சுருக்கம் பிரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கவும் வழிசெய்யும் நுட்பம் அது. 2023 ஜனவரியில் ஃபார்ஸ்போக்கன் என்ற கேம் டைரக்ட்ஸ்டோரேஜோடு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் பிசிக்கு வந்த ராட்செட் அண்டு கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் அந்தப் பிரிக்கும் வேலையையும் கார்டிடம் தந்தது. ஒரு உலகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று தாவும் அந்த கேமை ஹார்ட் டிஸ்கில் போட்டால் தாவும் இடத்தில் திணறும். ஆனாலும் இப்படி வந்த கேம்கள் குறைவு. தவிர, கேம் கன்சோல்களில் பிஎஸ்5-இன் எஸ்எஸ்டி வேகம் நொடிக்கு 5,500 எம்பி, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் 2,400தான். கேம் எழுதுகிறவர்கள் அந்தக் கணக்கில்தான் எழுதுவார்கள். 14,000-ஐ நம்பி எவரும் எழுதப்போவதில்லை.

எனவே என் ஓட்டு ஜென் 4-க்கு, அதிலும் வேகத்தைவிடக் கொள்ளளவுக்கு. நூறு ஜிபியைத் தாண்டும் கேம்கள் நாலைந்து ஏறினால் 1 டிபியில் பாதி தீர்ந்துவிடும். ஏற்கெனவே ஜென் 3 இருந்தால் கேமுக்காக மாற்றாதீர்கள். சாட்டா வைத்திருப்பவருக்கும் அவசரம் ஒன்றும் இல்லை. பெரிய விடியோ ஃபைல்களை நாள் முழுக்க நகர்த்துகிறவர் ஜென் 5 வாங்கட்டும், நியாயம்.

வாங்குகிறவர் மதர்போர்டு மேனுவலையும் ஒருதரம் புரட்டிவிடுங்கள். எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் உட்காரும் இன்டெல் ப்ராசஸரில் ஜென் 5 லேன்கள், அதாவது டேட்டா போகும் பாதைகள், மொத்தமே 16, அவை கிராபிக்ஸ் கார்டுக்கானவை. அந்த வகை போர்டில் என்விஎம்இ மாட்டும் ஜென் 5 எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் கார்டு 16 லேனிலிருந்து 8-க்கு இறங்கிவிடும். பெரும்பாலும் இழப்பு சொற்பம்தான். ஆனால் வேகத்துக்குக் காசு கொடுத்து, எஃப்பிஎஸ்ஸைத் தரும் கார்டின் பாதையையே பாதியாக்குவது கொஞ்சம் வேடிக்கைதான்.