ரஜூலாவா, சிதம்பரமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்ந்தால், தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த பெரியவர்கள், எந்தக் கப்பல் உசத்தி என்பதில் இன்னும் இரண்டு கட்சி.

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல். ஆரம்பத்தில் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி; அதில் பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் போய், ஆடுகிற ஏணியில் தொற்றி ஏற வேண்டும். என் பாட்டியின் தகரப் பெட்டியில் அப்போது விழுந்த நசுக்கு இன்றும் இருக்கிறது. மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓட்டம். ஆனால் பக்கத்துப் பாய்க்காரர் பினாங்கு போய்ச் சேர்வதற்குள் சொந்தக்காரராகிவிடுவார்.

சிதம்பரம் வேறு ரகம். 1966இல் பிரான்சில் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் பிறந்த டீசல் கப்பல். 1970களின் தொடக்கத்தில் இந்தியா வாங்கியது. வசதி கேட்டால் சந்தேகமே இல்லை, இதுதான். ஆனால் 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு பயணிகள் சேவையும் முடிந்தது.

ரஜூலாவோ ஏறக்குறைய 47 வருடம் ஓடியது. சரி, என் ஓட்டு அதற்குத்தான். பாட்டியைக் கேட்டால், “போடா, நீயா வாந்தி எடுத்தே?” என்பார்.